வரத்து நின்றால் எத்தனை நாள் தாங்கும்? எரிசக்தித் தற்சார்பு பற்றிய கேள்விக்கு ஒரு பதில்

"உலக வர்த்தகம் முகாம் முகாமாகப் பிரிந்துகொண்டே போகிறது. இனி ஒரு நாடு தனக்கு வேண்டிய எரிசக்தியைத் தானே உற்பத்தி செய்துகொள்வதுதானே பாதுகாப்பு? சூரிய மின்சாரத்துக்குப் போனால் வளைகுடாவுக்குப் பதில் சீனாவை நம்பி இருப்போம், அவ்வளவுதானே வித்தியாசம்? அணுமின்சாரம் இதில் எங்கே வருகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: பிறரைச் சார்ந்திருப்பதில் எது ஆபத்து, எதைப் பொறுத்துக்கொள்ளலாம்? எரிபொருள் கொள்முதல், இருப்புத் திட்டமிடல் பக்கம் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அதனால் என் யோசனை கப்பல், தொட்டி, ஒப்பந்தம் என்றுதான் ஓடும். மின்கட்டமைப்பின் பொறியியல் நுட்பங்களில் நான் நிபுணன் இல்லை. அதைப் பற்றிச் சொல்லும் இடங்களில் என் பேச்சை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எரிபொருள் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதை மட்டும் வைத்து ஆபத்தை அளக்க முடியாது. வரத்து நின்றால் எத்தனை நாளில் வலிக்க ஆரம்பிக்கும்? அதற்குள் வேறு ஏற்பாடு செய்ய வழி இருக்கிறதா? அந்த ஏற்பாட்டுக்குக் கொடுக்கக் கையில் காசு இருக்கிறதா? நான் வேலை பார்த்த இடங்களில் எல்லாக் கூட்டமும் கடைசியில் இந்த மூன்றில்தான் வந்து நிற்கும். சொந்த நாட்டில் விளைவது என்பதாலேயே ஒரு எரிபொருள் இந்தச் சோதனையில் தேறிவிடாது. வெளிநாட்டிலிருந்து வருவது என்பதாலேயே தோற்றும்விடாது.

தற்சார்பு என்று பேசும்போது நாம் இரண்டு தனித்தனி நோய்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று, பொருளே கிடைக்காமல் போவது. மற்றொன்று, பொருள் இருக்கும், விலை எட்டாது. அமெரிக்காவைப் பாருங்கள். 2019 முதல் மொத்த எரிசக்திக் கணக்கில் இறக்குமதியைவிட ஏற்றுமதி அதிகம் உள்ள நாடு அது. ஆனாலும் 2022 ஜூனில் அங்கே பெட்ரோல் விலை சராசரியாக ஒரு கேலனுக்கு 5 டாலரைத் தொட்டது. உக்ரைன் போருக்கும் டெக்சாஸ் எண்ணெய்க் கிணற்றுக்கும் என்ன சம்பந்தம் என்றால், கிணற்றுக்காரர் உலக விலைக்குத்தான் விற்பார். நார்வேயின் மின்சாரத்தில் பெரும்பகுதி சொந்த ஆற்று நீரில் இருந்து வருவது. அதே 2022இல் கடலடிக் கேபிள்கள் வழியாக ஐரோப்பாவின் விலை அதன் தென் பகுதிக்குள் நுழைந்தது. சொந்தமாக உற்பத்தி செய்வது முதல் நோய்க்கு ஓரளவு மருந்து. இரண்டாவது நோய்க்கு அது மருந்தே இல்லை, ஏற்றுமதியைத் தடுத்தால் ஒழிய.

தடுத்தும் பார்த்தார்கள். மின் நிலையங்களில் எரிக்கும் அனல் நிலக்கரியை உலகிலேயே மிக அதிகமாக ஏற்றுமதி செய்யும் நாடு இந்தோனேசியா. 2022 ஜனவரியில் அதன் சொந்த அனல்மின் நிலையங்களில் நிலக்கரி இருப்பு அபாயகரமாகக் குறைந்தது. காரணம் எளிது. உள்நாட்டு மின் நிலையங்களுக்கு டன் 70 டாலர் என்று அரசு உச்சவரம்பு வைத்திருந்தது. வெளிச்சந்தையில் அதைவிடப் பல மடங்கு கிடைத்தது. சுரங்கக்காரர்கள் சரக்கைக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். அரசு திடீரென்று ஏற்றுமதியை நிறுத்த, ஜப்பானும் தென் கொரியாவும் பிலிப்பைன்ஸும் தடையை நீக்கச் சொல்லிக் கோரிக்கை வைக்க வேண்டி வந்தது. நிலக்கரி மலைமேல் உட்கார்ந்திருக்கும் நாட்டுக்கே இந்த நிலை. பொருள் பூமிக்கடியில் இருப்பது வேறு, மின் நிலையத்தின் முற்றத்தில் இருப்பது வேறு.

சொந்த எரிசக்தி அரசியல் காரணம் எதுவும் இல்லாமலே கைவிடுவதும் உண்டு. 2022இல் பிரான்ஸின் அணு உலைக் குழாய்களில் அரிப்பால் விரிசல் இருப்பது தெரியவந்தது. ஒரே வடிவமைப்பு என்பதால் பல உலைகளைச் சேர்த்து நிறுத்திச் சோதிக்க வேண்டியதாயிற்று. முந்தைய ஆண்டு சுமார் 360 டெராவாட் மணியாக இருந்த அணுமின் உற்பத்தி 279 ஆக விழுந்தது. ஐரோப்பாவுக்கே மின்சாரம் விற்றுவந்த நாடு 1980க்குப் பிறகு முதல் முறையாக, ஓராண்டுக் கணக்கில், வாங்கும் நாடானது. ஜாம்பியாவின் மின்சாரத்தில் பெரும்பங்கு நீர்மின்சாரம். 2024 வறட்சியில் கரிபா ஏரி வற்ற, நாளின் பெரும்பகுதி மின்வெட்டு. டெக்சாஸ் தன் மின்கட்டமைப்பைப் பக்கத்து மாநிலங்களிடமிருந்து வேண்டுமென்றே தனியாக வைத்திருக்கிறது. 2021 பிப்ரவரி பனிப்புயலில் எரிவாயுக் கிணறுகளும் மின் நிலையங்களும் உறைந்தபோது வெளியிலிருந்து போதுமான மின்சாரம் வாங்க வழியில்லை. 45 லட்சம் வீடுகளுக்கு மேல் இருண்டன, அதிகாரபூர்வக் கணக்கில் 246 பேர் இறந்தார்கள். அதில் இன்னொரு கொடுமை: மின்வெட்டுப் பட்டியலில் எரிவாயுவை அழுத்தி அனுப்பும் நிலையங்களும் மாட்டிக்கொண்டன. எரிவாயு இல்லாததால் மின்சாரம் இல்லை, மின்சாரம் இல்லாததால் எரிவாயு இல்லை.

இதெல்லாம் புதுப் பாடமும் இல்லை. முதல் உலகப் போருக்கு முன் பிரிட்டிஷ் கடற்படை உள்நாட்டு நிலக்கரியை விட்டுப் பாரசீக எண்ணெய்க்கு மாறியபோது இதே சண்டைதான் நடந்தது. கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சில் 1913இல் நாடாளுமன்றத்தில் சொன்ன பதிலின் சாரம்: எந்த ஒரு எண்ணெய் வகையையும், எந்த ஒரு நாட்டையும், எந்த ஒரு வழித்தடத்தையும் நம்பி இருக்கக்கூடாது, பாதுகாப்பு பல வழிகளை வைத்திருப்பதில்தான் இருக்கிறது. சொல்லிவிட்டு அடுத்த ஆண்டே அந்தப் பாரசீக எண்ணெயை எடுத்த கம்பெனியில் 51 சதவீதப் பங்கை அரசுக்கு வாங்கிப் போட்டார் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். பேச்சில் பல வழிகள், செயலில் சொந்த உடைமை.

சரி, எண்ணெய்க்கு வருவோம். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கும் நெதர்லாந்துக்கும் எண்ணெய் கிடையாது என்று அறிவித்தன. அந்தத் தடை குறிவைத்தவர்களை மட்டும் தாக்கவில்லை. கம்பெனிகள் கப்பல்களைத் திருப்பிவிட்டுப் பற்றாக்குறையை எல்லோருக்கும் பங்கிட்டன. வலி விலையில் வந்தது: பீப்பாய் சுமார் 3 டாலரிலிருந்து சில மாதங்களில் 11 டாலரைத் தாண்டியது. எண்ணெய்ச் சந்தை ஒரே குளம் என்பது அன்றைக்கே தெரிந்துபோனது. அதன் விளைவாக 1974 நவம்பரில் சர்வதேச எரிசக்தி முகமை உருவானது. உறுப்பு நாடுகள் தங்கள் நிகர இறக்குமதியில் 90 நாள் அளவுக்கு இருப்பு வைக்க வேண்டும் என்ற விதியும் பின்னர் வந்தது.

இந்த 90 நாள் கணக்கைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து எல்லாம் காலி என்று அர்த்தமில்லை. இறக்குமதி முழுவதும் ஒரே நாளில் நிற்பது அரிது. ஐந்தில் ஒரு பங்கு நின்றால், அதே இருப்பு ஏட்டளவில் 450 நாள் தாங்கும். மறுபக்கம், ஏட்டில் இருப்பதெல்லாம் எடுக்கக் கூடியதும் இல்லை. தொட்டியின் அடியில் தங்கும் எண்ணெய், குழாயை நிரப்பிக்கொண்டிருக்கும் எண்ணெய் ஆகியவற்றுக்காக முகமையே தன் கணக்கில் 10 சதவீதம் கழித்துவிடுகிறது. அப்புறம் வேகம் என்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் அவசர இருப்பு டெக்சாஸ், லூசியானா உப்புப் பாறைக் குகைகளில் இருக்கிறது. 70 கோடி பீப்பாய்க்கு மேல் கொள்ளளவு. ஆனால் எத்தனை கோடி இருந்தாலும் வடிவமைப்புப்படி ஒரு நாளைக்கு 44 லட்சம் பீப்பாய்க்கு மேல் வெளியே வராது.

அதைவிட முக்கியமாக நான் பார்ப்பது, இருப்பு எந்த வடிவத்தில் இருக்கிறது என்பது. லாரி கச்சா எண்ணெயில் ஓடாது. நைஜீரியா ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய கச்சா எண்ணெய் உற்பத்தியாளர்களில் ஒன்று. அரசு சுத்திகரிப்பு ஆலைகள் முடங்கிக் கிடந்ததால் பல ஆண்டுகள் பெட்ரோலைக் கிட்டத்தட்ட முழுவதுமாக இறக்குமதி செய்தது. நாளைக்கு 6.5 லட்சம் பீப்பாய்த் திறன் கொண்ட டாங்கோடே ஆலை 2024இல் ஓடத் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. சுத்திகரிப்பு ஆலைகளும் எந்த எண்ணெயையும் குடித்துவிடாது. இலங்கையின் சபுகஸ்கந்த ஆலை ஈரானின் லேசான கச்சா எண்ணெய்க்காகக் கட்டப்பட்டது. ஈரான்மேல் தடை வந்தபோதெல்லாம் அந்த ஆலைக்குத் தலைவலி. ஒரு நாட்டின் இருப்பைப் பற்றிச் செய்தி வந்தால் "எத்தனை நாள்" என்பதோடு "டீசலாக எத்தனை, கச்சாவாக எத்தனை, அந்தக் கச்சாவை எந்த ஆலை எடுக்கும்" என்றும் கேட்டுப் பாருங்கள். பதில் பெரும்பாலும் சங்கடமாக இருக்கும்.

இருப்பு வேலை செய்யும் என்பதற்கு ஒரு நல்ல சாட்சி 2019 செப்டம்பர் 14. அன்றைக்கு சவூதியின் அப்கைக் ஆலைமேல் நடந்த தாக்குதலில் நாளொன்றுக்கு 57 லட்சம் பீப்பாய் உற்பத்தி போனது, உலக வரத்தில் சுமார் 5 சதவீதம். திங்கட்கிழமை விலை எகிறியது. ஆனால் சவூதி தொட்டியில் இருந்ததை எடுத்து வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிக்கொண்டே பழுது பார்த்தது. அந்த மாத முடிவுக்குள் விலை பழைய இடத்துக்கு வந்துவிட்டது. சில வார அவகாசம் இருந்தது, அவ்வளவே போதுமாக இருந்தது.

குழாய் எரிவாயு வேறு ஜாதி. கப்பலைத் திருப்பலாம், குழாயைத் திருப்ப முடியாது. 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி செய்த எரிவாயுவில் சுமார் 45 சதவீதம் ரஷ்யாவிலிருந்து. ஜெர்மனியில் அது பாதிக்கு மேல். அத்தோடு, ஜெர்மனியின் மிகப் பெரிய நிலத்தடி எரிவாயுக் கிடங்கான ரேடன், ரஷ்யாவின் காஸ்ப்ரோம் குழுமத்தின் கையிலேயே இருந்தது. 2021 கோடையில் அது நிரப்பப்படவே இல்லை. விற்பவரிடமே கிடங்குச் சாவியையும் கொடுத்திருந்தார்கள்! மலிவான குழாய் எரிவாயு வாங்கியதை நான் அவ்வளவு பெரிய தவறாக நினைக்கவில்லை. மாற்று இறக்குமதி முனையம் ஒன்றுகூட இல்லாமல், கிடங்கையும் விட்டுக்கொடுத்து, தாங்கும் நாட்களைத் தாங்களே குறைத்துக்கொண்டதுதான் பெரிய தவறு.

2022இல் வரத்து படிப்படியாக நின்றது. செப்டம்பரில், ரஷ்யாவிலிருந்து ஜெர்மனிக்குப் போடப்பட்ட நோர்ட் ஸ்ட்ரீம் எரிவாயுக் குழாய்கள் கடலடியில் வெடித்தன. ஆகஸ்ட் இறுதியிலேயே ஐரோப்பிய எரிவாயு விலை ஒரு மெகாவாட் மணிக்கு 300 யூரோவைத் தாண்டிவிட்டிருந்தது. ஜெர்மனி எல்என்ஜியை, அதாவது குளிர வைத்துத் திரவமாக்கிக் கப்பலில் வரும் எரிவாயுவை, இறக்கும் மிதக்கும் முனையத்தை வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்தில் ஓராண்டுக்குள் கட்டி டிசம்பரில் திறந்தது. ஐரோப்பா தப்பித்தது என்பது உறுதியான செய்தி. 2023 வாக்கில் ரஷ்யப் பங்கு 15 சதவீதம் அளவுக்கு இறங்கியது. எதனால் தப்பித்தது என்பதில்தான் ஆளாளுக்கு ஒரு கதை. திறமையான கொள்கை என்பார்கள் சிலர். அந்தக் குளிர்காலம் மிதமாக இருந்ததும், பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளால் சீனா அந்த ஆண்டு குறைவாக எல்என்ஜி வாங்கியதும் எந்த அமைச்சரின் சாதனையும் இல்லை. எனக்குத் தெரிந்தவரை கொள்கையும் அதிர்ஷ்டமும் கலந்தே வேலை செய்தன. எது எவ்வளவு என்று யாராவது துல்லியமாகச் சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

அந்தத் தப்பித்தலுக்கு வேறொருவரும் விலை கொடுத்தார். ஐரோப்பா எந்த விலைக்கும் வாங்கத் தயார் என்றவுடன் எல்என்ஜி கப்பல்கள் அந்தப் பக்கம் திரும்பின. 2022 ஜூலையில் பாகிஸ்தான் சுமார் 100 கோடி டாலர் மதிப்புள்ள எல்என்ஜிக்கு டெண்டர் விட்டது. ஒரே ஒரு ஏலதாரர்கூட வரவில்லை. வங்கதேசம் உடனடிச் சந்தையில் வாங்குவதையே நிறுத்தி மின்வெட்டை ஏற்றுக்கொண்டது. இவர்கள்மேல் யாரும் தடை போடவில்லை. பணக்காரர் பயந்தால் ஏழைக்குப் பொருள் இருக்காது, அவ்வளவுதான்.

இதற்கு எதிர்ப்பக்கம் லித்துவேனியா. 2014இல் க்லைபேடா துறைமுகத்தில் ஒரு மிதக்கும் எல்என்ஜி முனையக் கப்பலைக் கொண்டுவந்து கட்டியது. பெயரே 'இண்டிபெண்டன்ஸ்', அதாவது சுதந்திரம். சின்ன நாட்டுக்கு இது வீண் செலவு என்ற பேச்சு ஆண்டுக்கணக்கில் இருந்தது. ஆனால் கப்பல் வந்து சேர்வதற்கு முன்பே காஸ்ப்ரோம் விலையை 20 சதவீதம் அளவுக்குக் குறைத்துக் கொடுத்தது. 2022 ஏப்ரலில் ரஷ்ய எரிவாயுவை முழுமையாக நிறுத்திவிட்டோம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் முதலில் அறிவித்ததும் அந்த நாடுதான். பயன்படுத்தாமல் நிற்கும் மாற்று வழிகூடப் பேரத்தில் பேசும் என்பதை நான் என் வேலையிலும் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஆனால் நின்றுகொண்டிருக்கும் அந்தச் செலவை ஆண்டுதோறும் யார் கட்டுவது என்பதில்தான் பெரும்பாலான திட்டங்கள் செத்துப்போகின்றன. நிதித்துறைக்காரர்களுக்குக் காலியாக நிற்கும் தொட்டியைக் கண்டாலே ஆகாது.

நீங்கள் கேட்காத, ஆனால் என்னைப் பொறுத்தவரை மிக அடிக்கடி நடக்கும் துண்டிப்பு ஒன்று இருக்கிறது: டாலர் தீர்ந்துபோவது. 2022இல் இலங்கையில் போர் இல்லை, தடை இல்லை, வளைகுடாவில் எண்ணெயும் இருந்தது. எரிபொருள் கப்பல்கள் கடலில் வந்து காத்து நின்றன. பணம் கட்ட அந்நியச் செலாவணி இல்லை. வரிசைகள் நாட்கணக்கில் நீண்டன, கடைசியில் க்யூஆர் கோடு வைத்து வாரப் பங்கீடு. விற்பவர்கள் ஒரு நாட்டின் பணம் கட்டும் திறமைமேல் சந்தேகப்பட ஆரம்பித்தால் முதலில் நம்பிக்கைக் கடிதத்துக்கு (வாங்குபவரின் வங்கி பணம் தருவதாக எழுதிக் கொடுக்கும் உறுதி) வெளிநாட்டு வங்கி உத்தரவாதம் கேட்பார்கள், அப்புறம் முன்பணம் கேட்பார்கள், அப்புறம் பேசவே மாட்டார்கள். இது வாரங்களில் நடந்து முடிந்துவிடும். ஆகவே பல நாடுகளுக்கு எரிசக்திப் பாதுகாப்பு என்பது எண்ணெய் அமைச்சகத்தைவிட மத்திய வங்கியில்தான் தீர்மானமாகிறது.

உலகம் பிரிவதால் என்ன மாறியது? இதுவரை கண்ணுக்குத் தெரிந்தது: ஓட்டம் நிற்கவில்லை, சுற்றுகிறது. 2022 டிசம்பரில் ஜி7 நாடுகள் ரஷ்யக் கச்சா எண்ணெய்க்குப் பீப்பாய் 60 டாலர் என்று உச்சவரம்பு வைத்தன. அதை அமலாக்கப் பயன்படுத்திய ஆயுதம் போர்க்கப்பல் இல்லை, காப்பீடு: வரம்புக்கு மேல் விற்ற எண்ணெயை ஏற்றும் கப்பலுக்கு அது கிடையாது. உலகக் கடல் கப்பல் கொள்ளளவில் சுமார் 90 சதவீதத்துக்குப் பொறுப்புக் காப்பீடு தருவது ஒரு சில சங்கங்களின் கூட்டமைப்பு. அவற்றில் பெரும்பாலானவை மேற்கத்திய நாடுகளின் சட்டத்துக்குள் வருபவை. விளைவு, அந்தக் காப்பீட்டுக்கு வெளியே ஓடும், பழைய டேங்கர்களைக் கொண்ட ஒரு நிழல் கப்பல் கூட்டம் உருவானது. ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்த ரஷ்ய எண்ணெய் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போனது. போருக்கு முன் இந்தியாவின் கச்சா இறக்குமதியில் 2 சதவீதம்கூட இல்லாத ரஷ்யா, ஓராண்டுக்குள் முதலிடத்துக்கு வந்தது. 2023 இறுதியில் ஏமனின் ஹூதி ஆயுதக் குழு கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும் செங்கடல் வழியைத் தவிர்த்துப் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்ற ஆரம்பித்தன. தூரம் கூடியது, வாடகை கூடியது, யார் யாருக்கு என்ன விற்கிறார்கள் என்பது மங்கலானது. இது பழைய ஒரே குளம், ஆனால் நடுவில் கரைகள் போட்டு வாய்க்காலை வளைத்திருக்கிறார்கள்.

இந்த வளைந்துகொடுக்கும் தன்மை எவ்வளவு பெரிய அதிர்ச்சியையும் தாங்கும் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. வளைகுடாவின் கடல் வாசலான ஹோர்முஸ் நீரிணையை எடுத்துக்கொள்ளுங்கள். 2024இல் அதன் வழியே நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கோடி பீப்பாய் போனது, உலகப் பயன்பாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த நீரிணையைத் தவிர்க்க, சவூதிக்குச் செங்கடல் துறைமுகமான யான்புவுக்கு ஒரு குழாய் உண்டு, அமீரகத்துக்கு நீரிணைக்கு வெளியே உள்ள ஃபுஜைரா துறைமுகத்துக்கு ஒன்று. இரண்டும் சேர்ந்தாலும் ஒரு பகுதியைத்தான் ஏற்க முடியும். கத்தாரின் எல்என்ஜிக்கு அந்த வழியைவிட்டால் வேறு கடல் வழியே கிடையாது, அது உலக எல்என்ஜி வர்த்தகத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. எண்ணெய்க்காவது 90 நாள் இருப்பு என்ற ஏற்பாடு இருக்கிறது. எல்என்ஜியைக் குளிர வைத்து நீண்டநாள் சேமிப்பது செலவு பிடித்த வேலை. நிலத்தடிக் கிடங்கு இல்லாத ஆசிய இறக்குமதியாளர்களிடம் இருப்பது பெரும்பாலும் சில வார இருப்புதான். எண்ணெயைவிட எரிவாயுவைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

இப்போது உங்கள் சீனக் கேள்வி. சூரியத் தகடு உற்பத்தியின் ஒவ்வொரு கட்டத்திலும் சீனாவின் பங்கு 80 சதவீதத்துக்கு மேல் என்று சர்வதேச எரிசக்தி முகமை 2022இலேயே கணக்குச் சொல்லிவிட்டது. பேட்டரிக் கிராஃபைட், மின்மோட்டார் காந்தங்களுக்கு வேண்டிய அரிய மண் தனிமங்கள் ஆகியவற்றின் சுத்திகரிப்பிலும் அதே கதை. சீனா இந்தக் கையைப் பயன்படுத்தத் தயங்குவதும் இல்லை: 2023 ஆகஸ்டில் காலியம், ஜெர்மானியம், அந்த ஆண்டு டிசம்பரில் கிராஃபைட், 2025 ஏப்ரலில் ஏழு அரிய மண் தனிமங்கள் என்று ஏற்றுமதிக் கட்டுப்பாடு வந்துகொண்டே இருந்தது. ஆகவே சார்பு இருக்கிறது என்பதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் "அவ்வளவுதானே வித்தியாசம்" என்கிறீர்களே, அங்கேதான் ஒத்துப்போக முடியவில்லை. தினமும் பால் வாங்குவதும் மாடு வாங்குவதும் ஒன்றில்லை. பால்காரர் நின்றால் நாளைக் காலையே தெரியும். மாட்டுச் சந்தையை மூடினால், அடுத்த மாடு வாங்கும்போதுதான் தெரியும். 2025இல் அரிய மண் கட்டுப்பாட்டால் சில கார் தொழிற்சாலைகள் கொஞ்ச நாள் உற்பத்தியை நிறுத்தின. ஏற்கெனவே சாலையில் ஓடிய ஒரு மின்சார வண்டிகூட அதனால் நிற்கவில்லை. 25 ஆண்டு ஓடக்கூடிய தகடு கூரையில் ஏறிய பிறகு, விற்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் விரிவாக்கம்தான் தடைபடும்.

இந்த அவகாசம் இருக்கிறது என்பதற்காகத் தூங்கிவிடக் கூடாது என்பதற்கு ஜப்பான் உதாரணம். 2010இல் கடல் எல்லைத் தகராறில் சீனாவின் அரிய மண் வரத்து தடுமாறியது. அடுத்த ஆண்டே ஜப்பான் ஆஸ்திரேலியாவின் லைனஸ் சுரங்க நிறுவனத்துக்கு அரசுப் பணம் கொடுத்து ஆதரித்தது. மறுசுழற்சி, மாற்றுப் பொருள் ஆராய்ச்சி என்று எல்லாவற்றிலும் இறங்கியது. பத்து ஆண்டுக்கு மேல் உழைத்துச் சீனாவின் பங்கைச் சுமார் 90 சதவீதத்திலிருந்து 60 சதவீதம் அளவுக்குக் கொண்டுவர முடிந்தது. பணமும் தொழில்நுட்பமும் உள்ள நாட்டுக்கே வேகம் அவ்வளவுதான்.

மாடு உவமையில் அடங்காத விஷயங்களும் உண்டு. சூரிய மின்சாரத்தைக் கட்டமைப்புக்கு ஏற்றாற்போல் மாற்றித் தரும் இன்வெர்ட்டர்கள் பல இணையத்தோடு இணைந்தவை, தூரத்திலிருந்து மென்பொருளை மாற்றக்கூடியவை. இது கோட்பாட்டளவில் உண்மையான ஆபத்து. பெரிய அளவில் ஒரு அரசு அதை ஆயுதமாக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதில் நிபுணர்களிடையே ஒத்த கருத்து இல்லை. அதைவிட நிச்சயமான தலைவலி பெரிய மின்மாற்றிகள். ஆர்டர் கொடுத்தால் கைக்கு வர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆவது இப்போது சாதாரணம். உக்ரைனின் துணை மின் நிலையங்களை ரஷ்யா குறிவைத்து அடித்ததன் கணக்கு அதுதான். உபரி மின்மாற்றிகளை வாங்கிக் கிடங்கில் வைப்பது யாருக்கும் ரிப்பன் வெட்டத் தோன்றாத வேலை, ஆனால் என் பட்டியலில் அது மேலே இருக்கும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். சூரிய மின்சாரம் தானாக எண்ணெய் இறக்குமதியைக் குறைக்காது. உலக மின்சாரத்தில் எண்ணெயிலிருந்து வருவது மிகச் சிறிய பங்கு. எண்ணெய் முக்கியமாக வண்டியிலும் கப்பலிலும் விமானத்திலும் எரிகிறது. வண்டி மின்சாரத்துக்கு மாறினால்தான் அந்தப் பக்கம் குறையும். எத்தியோப்பியா 2024இல் பெட்ரோல், டீசல் கார் இறக்குமதியையே தடை செய்தது. பணக்கார நாடுகளின் பருவநிலைப் பேச்சால் வந்த முடிவாக எனக்கு அது தெரியவில்லை. எரிபொருளுக்கு டாலர் கொடுத்து மாளவில்லை, சொந்த நீர்மின்சாரம் கையில் இருக்கிறது. சார்ஜ் ஏற்றும் வசதி போதாது என்ற குறை அங்கே நியாயமானது, ஆனால் கணக்கு சரியான இடத்தில் ஆரம்பிக்கிறது. இதோடு, தேவையையே குறைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை: சேமித்த பீப்பாய்க்குக் கப்பலும் வேண்டாம், காப்பீடும் வேண்டாம், நீரிணையும் வேண்டாம். சலிப்பூட்டும் விஷயம் என்பதால் யாரும் பேசுவதில்லை.

கடைசியாக அணுமின்சாரம். நான் சொன்ன கால அளவுகோலில் அது நன்றாகவே மதிப்பெண் வாங்கும். ஒரு உலைக்குப் பொதுவாக ஒன்று முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் எரிபொருள் மாற்றுகிறார்கள். எரிபொருள் அளவில் சிறியது, பல ஆண்டுகளுக்கு வேண்டியதை வாங்கி வைத்துக்கொள்ள இடமும் அதிகம் தேவையில்லை. ஆனால் சங்கிலி ஒடுங்கலானது. சுரங்க யுரேனியத்தில் சுமார் 40 சதவீதம் கஜகஸ்தான், அதை உலை எரிபொருளுக்கு ஏற்றதாக்கும் செறிவூட்டும் திறனில் அதே அளவுக்கு ரஷ்யா. அமெரிக்கா 2024இல் ரஷ்ய யுரேனியத்துக்குத் தடைச் சட்டம் போட்டபோது, மாற்று இல்லாத உலைகளுக்காக 2027 இறுதிவரை விலக்குக்கு இடம் வைத்தே போட்டது. பிரான்ஸில் நடந்ததுபோல ஒரே வடிவமைப்பில் ஒரே பழுது வரும் ஆபத்தும், உக்ரைனின் சபோரிஷியாவில் 2022 மார்ச்சில் நடந்ததுபோல எதிரிப் படை அணுமின் நிலையத்தைக் கைப்பற்றும் ஆபத்தும் உண்டு. அதோடு கட்டும் காலம். பிரான்ஸின் ஃபிளமன்வில் மூன்றாவது உலைக்கு 2007இல் வேலை தொடங்கியது, கட்டமைப்பில் இணைந்தது 2024 டிசம்பரில். எல்லாத் திட்டமும் இவ்வளவு இழுக்காது, இது மோசமானவற்றில் ஒன்று. இருந்தாலும் இன்று முடிவெடுக்கும் ஒரு புதிய உலையை அடுத்த பத்தாண்டின் பாதுகாப்புக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்பது என் யோசனை. அந்தப் பத்தாண்டை டீசல் தொட்டி, எரிவாயுக் கிடங்கு, உபரி மின்மாற்றி, அந்நியச் செலாவணிக் கையிருப்பு ஆகியவற்றை வைத்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கும்.